பெருக்கல் – மகள் – ஒரு மணி நேரம்

அனுப்புநர்:
ஒன்பது வயதுச் சிறுமியின் தாய்,
நகரப் பேருந்து ஓட்டுநர்,
மூன்றாவது மாடி, படியேறியதும் இடப்பக்கக் கதவு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
வீட்டுக் கல்விப் பிரிவு.

பொருள்: ஆய்வறிக்கையில் ‘பெருக்கல்’ என்ற சொல்லுக்குத் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது – அனுமதி ரத்தைத் திரும்பப் பெறவும், சிறுமியை நேரில் விசாரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்த தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஒன்றரை ஆண்டாகத் தங்கள் அலுவலகத்தின் அனுமதியோடு வீட்டிலேயே படித்து வருகிறாள். அந்த அனுமதி ரத்து என்றும், பதினைந்து நாளுக்குள் அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் அறிவிப்பு வந்துள்ளது. “சிறுமி நாள்தோறும் ஒரு மணி நேரம் வீடு பெருக்க வைக்கப்படுகிறாள்; படிக்கட்டும் அவள் பொறுப்பே; கேள்விக்குப் பதிலளிக்கவில்லை” என்ற கள ஆய்வாளரின் அறிக்கையே இதற்குக் காரணம். முதல் முறை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. இப்போது எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. புகார் மனுவில் மகிழ்ச்சிக்கு என்ன வேலை என்று தாங்கள் நினைக்கலாம். தயவுசெய்து ஆறாவது பத்தி வரை பொறுக்க வேண்டுகிறேன்.

2. நான் விடியற்காலையில் வண்டி எடுத்தால் பகல் ஒன்றரை மணிக்கு வீடு திரும்புவேன். என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பகல் இரண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புவார். (எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் இல்லை.) நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. மற்ற நாட்களில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியுள்ள அட்டவணைதான் எங்கள் வீட்டின் குடும்பத் தலைவர். யார் எப்போது என்ன செய்வது என்று அதில் இருக்கும். வாரத்துக்கு வேண்டிய காய்கறியை ஞாயிறன்றே நறுக்கி டப்பாவில் அடைத்துவிடுவோம். வாஷிங் மெஷின் ஓடும் நாற்பது நிமிடம் வாசிப்பு நேரம். அது நிற்கும்வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. துணி மடிப்பது மகளின் வேலை. அதை நான் மறைக்கவில்லை. காலுறைகளை ஜோடி சேர்த்துச் சேர்த்துத்தான் இரண்டாம் வாய்ப்பாடு அவளுக்கு வந்தது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து என் பணிமனையில் மூன்று பேர் தங்கள் வீட்டிலும் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

3. வினை அந்த அட்டவணையில்தான் வந்தது. அதில் உள்ளவாறே மூன்று வரிகளைத் தருகிறேன்:

காலை 7.00 – பெருக்கல் – அப்பா – 15 நிமிடம்
காலை 9.30 – பெருக்கல் – மகள் – 1 மணி நேரம்
காலை 10.30 – படி – மகள்

முதல் வரியில் உள்ளது துடைப்பம். இரண்டாம் வரியில் உள்ளது கணக்கு. மூன்றாவது, புத்தகத்தை எடுத்துப் படி என்பது. ஆய்வாளர் முதல் இரண்டையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டு, மூன்றாவதைப் படிக்கட்டு என்று எழுதிவிட்டார். இரண்டு அறை வீட்டைத் தினமும் ஒரு மணி நேரம் பெருக்கினால் தரை தேய்ந்து கீழ்வீட்டுக்காரரின் தலை தெரியும், ஐயா. இருந்தாலும் பிழையின் பாதி என்னுடையது. அவசரத்தில் வீட்டு வேலையையும் பாடத்தையும் ஒரே மையில் எழுதியது நான்தான். இப்போது பாடம் சிவப்பு, வேலை நீலம். புதிய அட்டவணை இணைத்துள்ளேன்.

4. ஆய்வாளர் பண்பானவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினாராம். கதவைத் திறந்தவள் என் மகள்; என் கணவர் குளியலறையில், கண்ணில் சோப்போடு இருந்தார். “ஒரு நிமிஷம் சார், இதோ வந்துட்டேன்” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் ஆய்வாளர் அட்டவணையைக் காட்டி, “இது என்னம்மா, பெருக்கல்?” என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் குறித்துக்கொண்டார். பிறகு துண்டோடு ஓடி வந்த என் கணவரிடம், “காலையில பெருக்கல் நீங்களா?” என்று கேட்க, இவரும் நெஞ்சை நிமிர்த்தி, “ஆமா சார், பதினஞ்சே நிமிஷம், சட்டுனு முடிச்சிருவேன்” என்றிருக்கிறார். “தந்தையின் கணிதத் திறமை பாராட்டத்தக்கது” என்று அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் உள்ளது. ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று சொல்லி மகளிடம் குட்டு வாங்குபவர் அவர். அந்தப் பாராட்டை மட்டும் நீக்க வேண்டாம் என்று அவர் தனியாகக் கேட்டுக்கொள்கிறார்.

5. அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்பதையும் தெரிவிக்க வேண்டும். என் மகளுக்குப் பேச்சு திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை, பெரும்பாலும் ‘ப’வில். வீட்டில் எங்களிடம் மூச்சு விடாமல் பேசுவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வெளியார் முன்னால் அந்த ரேடியோ நின்றுவிடும். முன்பு படித்த பள்ளியில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, அடிக்கவில்லை. அவள் ஒரு சொல்லைத் தொடங்கியதும் வகுப்பே அதை முடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆசிரியையும் அன்பாக முடித்து வைப்பார். நான்கு மாதத்தில் அவள் தொடங்குவதையே விட்டுவிட்டாள். அதனால்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆய்வாளர் கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியும். பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரியும். அந்தப் ‘பெ’ வந்து சேர்வதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார்.

6. இனி என் மகிழ்ச்சிக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மூவரும் மேசையில் இருந்தபோது அறிவிப்பை உரக்கப் படித்தேன். படிக்கட்டு வந்த இடத்தில் மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்து நின்று, “நானே அந்த ஆபீஸுக்குப் ப்... ப்... ப்...” என்று நின்றாள். எடுத்துக் கொடுக்க என் கணவர் வாயைத் திறந்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்; தினமும் பிரேக் மிதிக்கும் கால் ஐயா, வாயை மூடிக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். “போய்ச் சொல்றேன். பெருக்கல்னா என்னன்னு நானே சொல்றேன்” என்றாள். ஒன்றரை ஆண்டில் முன்பின் தெரியாதவரிடம் பேசுகிறேன் என்று அவளாகச் சொன்னது இதுவே முதல் முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று காலை வண்டியில் ஏறிய முகமறியாத பயணிகளுக்கெல்லாம் வணக்கம் சொன்னேன். ஏதோ ஆகிவிட்டது இவளுக்கு என்று பார்த்தார்கள்.

7. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

அ) ரத்து அறிவிப்பை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்.

ஆ) பதினைந்து நாள் கெடு முடிவதற்குள் ஒரு நாள் குறித்து, என் மகளைத் தங்கள் அறையில் நேரில் விசாரிக்க வேண்டுகிறேன். எந்த வாய்ப்பாட்டை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆய்வாளரும் உடனிருக்கலாம், அவர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. பள்ளியும் எங்களுக்குப் பகையில்லை. ஒரு நாள் அவளே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் என் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவேன்.

இ) விசாரணைக்கு மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், இவளுக்குப் பதினைந்து ஒதுக்க வேண்டுகிறேன். தாங்கள் கேட்டதும் அவள் ‘ப’வில் நிற்பாள். முகம் சிவக்கும், கண் மூடும், கை மேசை விளிம்பைப் பிடிக்கும். தங்களுக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கின் நுனியில் வந்து நிற்கும். நல்ல மனதோடுதான் சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள், ஐயா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சிறுமியின் தாய்
(கையொப்பம்)

இடம்: பேருந்துப் பணிமனை ஓய்வறை
நாள்: 14, திங்கட்கிழமை

இணைப்பு: இரு நிற மையில் திருத்திய அட்டவணை. சிவப்பு வரிகள் மகளின் கையெழுத்து.