பனிக்கு ஆகாத வண்டி

டாமராக் மலைச்சாலை,
வடக்கு ஐடஹோ.
டிசம்பர் 9, 2008

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

உன் அக்கா லோர்னா எழுதுவது. நான் நலம் என்று சொல்லித் தொடங்குவதுதான் முறை. இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று வைத்துக்கொள். நீயும் ஜெனீவாவும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கூப்பிட்டபோது பாதியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுகிறவன், "அக்கா, வண்டிப் பத்திரத்துல உன் பேரும் இருக்கு, இங்க பதியணும்னா உன் கையெழுத்து வேணும்" என்றுதான் ஆரம்பித்தாய். அடுத்த பேச்சிலாவது ஆடுகளைப் பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன். அங்கே ஆரஞ்சு பழுத்திருக்கிறது என்றாய். அதற்கு மேல் நின்றால் குரல் உடைந்துவிடும் என்றுதான் வைத்தேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே பனி நவம்பர் பத்தொன்பதாம் தேதியே விழுந்துவிட்டது. மான் கூட்டம் வடக்கு வேலியை மறுபடி சாய்த்துவிட்டது. தேவாலயத்தில் இந்த வருடம் விருந்துக்கு மூன்று பேர் ஒரே மாதிரி உருளைக்கிழங்குப் பணியாரம் கொண்டுவந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். உன்னைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே ஊருக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

நீ போனதிலிருந்து, நாம் வண்டி தேடி அலைந்த அந்த மூன்று சனிக்கிழமைகளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருடம் சாலைத் துறைப் பணிமனையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுத்தவள் நான். இந்த ஊரில் பழைய வண்டி வாங்குகிற யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியதில்லை. அப்பாவின் பழைய பிக்கப் வண்டி ஜூன் மாதம் உயிரை விட்டதும், "நீதான் பார்த்துத் தரணும் அக்கா, எனக்கு என்ன தெரியும்" என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் சனிக்கிழமை திருமதி பெட்ராகிஸ் வீட்டுப் பச்சை ரேஞ்சர் வண்டியைப் பார்த்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஐந்து கியர், பின்னால் சுமை ஏற்ற ஆறடித் தொட்டி. அவள் கணவர் உயிரோடிருந்தவரை குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டது. கீழே படுத்துப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட எண்ணெய்க் கசிவு இல்லை. நம் சாலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றேன். நீ கிளட்ச்சை ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கினாய். "வேணாம் அக்கா. உன் முட்டி இதைத் தாங்காது. நான் இல்லாத நேரம் நீயும் ஓட்டணும்ல? கியர் மாத்தற வண்டியே வேணாம். தானா மாறுறதா பாப்போம்" என்றாய்.

வீடு வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன், நினைவிருக்கிறதா? என் முழங்காலைப் பற்றி வைத்தியரைத் தவிர யாரும் யோசித்து வெகுகாலமாகிறது. அதனால்தான்.

இரண்டாவது சனிக்கிழமை அந்த நீல வண்டி. கியர் தானாக மாறும், நான்கு சக்கரமும் இழுக்கும். என் காலுக்கும் ஆயிற்று, பனிக்கும் ஆயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். நீ சுற்றிச் சுற்றி வந்து குறை தேடினாய். முன்சக்கர அச்சில் சத்தம் வருகிறது என்றாய், எனக்குக் கேட்கவில்லை. பெட்ரோல் குடிக்கும் என்றாய். தொட்டி ஆறடிதான், இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடம் வீண் என்றாய். "அங்க யாரை உக்கார வைக்கப் போறோம், ஆட்டையா?" என்று நீ கேட்டதும் விற்கிறவன்கூடச் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் முழங்கால்தான் காரணம் என்றால் அந்த வண்டியை விட்டிருக்கவே மாட்டாய்.

மூன்றாவது வாரம் அந்த வெள்ளை வண்டி. ஏழடித் தொட்டி, தானியங்கிக் கியர், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். நீ ஏறித் தொட்டியில் நீட்டிப் படுத்தாய். "பாரு அக்கா, எனக்குன்னே அளவெடுத்து செஞ்சிருக்கான்." நான், "சவப்பெட்டி பாக்க வந்தவன் மாதிரி படுக்காதடா, எந்திரி" என்றேன். இந்த வண்டி கடைசி இரண்டு மைல் ஏறாது, வடக்கு வளைவில் ஏப்ரல்வரை உறைபனி கிடக்கும், பின்பாரம் இல்லாத வண்டி அங்கே பக்கவாட்டில் நடனமாடும் என்று எவ்வளவோ சொன்னேன். "மணல் மூட்டை போட்டா அடங்கிடும். சங்கிலி மாட்டிக்கிறேன். தொட்டி நீளம்னா ஒரு நடைக்கு நாலு கட்டு வைக்கோல் கூடுதலா ஏறும். ஓட்டப்போறது நான்தானே, நம்பு" என்றாய்.

நம்பினேன். பத்திரத்தில் என் பெயரையும் சேர்த்தாய். ஓடைக்கரையிலிருந்து எட்டு மூட்டை மணல் நான்தான் அள்ளிக் கட்டினேன்.

நவம்பர் ஆறாம் தேதி முழங்காலைக் காட்ட நான் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்றே திரும்ப வேண்டாம், சித்தி மகள் வீட்டில் தங்கி ஓய்வெடுத்து வா என்று நீதான் வற்புறுத்தினாய். மறுநாள் மதியம் திரும்பினேன். உன் குடிசையில் அடுப்புச் சாம்பலைக்கூட வாரிச் சுத்தமாக வைத்திருந்தாய். கொட்டகையில் எட்டு மூட்டையும் வரிசையாக அடுக்கியிருந்தது. என் சமையலறை மேசையில் நான்கு வரி. "அக்கா, இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது. சொன்னா நீ தடுத்துடுவ. ஜெனீவாவோட தெற்க போறேன். மன்னிச்சிடு."

கோடையில் ஏரிக்கரைக் கூடார முகாமில் சமையல் செய்ய வந்த ஜெனீவாவா என்று யோசிக்கவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவளுக்கு நான் ஒருமுறை மலையில் பறித்த ஹக்கிள்பெரிப் பழ ஜாம் கொடுத்தனுப்பினேன். கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ.

மறுநாள் டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹாலிஸ் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல லோர்னா நெனச்சேன்" என்றார். அக்டோபரிலேயே நீ பனி டயர் வேண்டாம், நெடுஞ்சாலை டயர் போதும் என்று மாட்டிக்கொண்டாயாம். "வண்டிய அந்தம்மாதான் ஓட்டிட்டு வந்தாங்க. கிளட்ச் வண்டி ஓட்டத் தெரியாதாம், இது நல்ல சௌகரியம்னாங்க. மேல ஒரு மூடி போட்டு மெத்தை விரிச்சா வழியெல்லாம் அதுலயே தூங்கிக்கலாம்னு உங்க தம்பி சொன்னாரு. ஜூலையிலயே முடிவு பண்ணதாமே?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றேன். எனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன். என் முழங்காலுக்காக என்று நீ சொன்ன கியர், அவளுக்காக. வைக்கோலுக்காக என்ற ஏழடி, நீ கால் நீட்டிப் படுப்பதற்கு. நம் மலையில் ஏறாத வண்டியை நீ கேட்டு வாங்கியதற்கும் காரணம் கிடைத்தது.

ஆனால் ஜூலை என்றாரே, அதைத்தான் வெண்டல் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஆகஸ்டு சந்தையில் அந்த முப்பது ஆடுகள் ஏலத்துக்கு வந்தன. இருக்கிற அறுபதே போதும், என்னால் முடியாது என்றேன். நீ என் தோளில் கை போட்டு, "நான் இருக்கேன்ல அக்கா, குளிர்காலத் தீவனம் என் பொறுப்பு" என்றாய். ஏலத்தில் கையைத் தூக்கியவன் நீ. போவதென்று முடிவு செய்து ஒரு மாதம் ஆன பிறகு தூக்கினாய். எதற்காக? என் முகம் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது, கெடுக்க வேண்டாம் என்றா? இல்லை, மந்தை பெரிதானால் நான் தேடிக்கொண்டு வரமாட்டேன் என்றா? எந்தப் பதிலை நினைத்துப் பார்த்தாலும் வலிக்கிறது. அதனால் நானே பதில் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டேன்.

பனி விழுந்த நாள் என் கார் வடக்கு வளைவைத் தாண்டவில்லை. வைக்கோல் எல்லாம் அடிவாரக் கொட்டகையில், ஆடுகள் மேலே. இரண்டு நாள் சறுக்குப் பலகையில் கட்டுகளைக் கட்டி இழுத்தேன். மூன்றாம் நாள் பலகை என்னையும் சேர்த்து ஓடையில் இறக்கியது. காது கிழிந்த அந்தக் கிழ ஆடு அன்று செத்தது. தீவனம் பத்தாமல்தான் செத்தது என்று சொல்லமாட்டேன், வயதும் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

அதன்பின் திருமதி பெட்ராகிஸ் வீட்டுக்குப் போனேன். பச்சை வண்டி அங்கேயே நின்றது. "உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி. அன்னைக்கு நீ வண்டிக்கு அடியில படுத்திருந்தப்ப அவன் முகத்தைப் பாத்தேன். வாயத் தெறக்காம இருந்துட்டேன், என்மேலயும் கோபப்படு" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்து மூடினாள். நான் அவள் மேல் கோபப்படவில்லை. வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். நீ போனபின் அழுதது அன்று ஒருநாள்தான்.

கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் முட்டிக்குள் கண்ணாடித்தூள் அரைபடுவதுபோல் இருக்கிறது. இரண்டாம் கியரில் ஏற ஆரம்பித்தால் மேலே போகும்வரை மாற்றாமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தொட்டி சிறியது, ஒரு நடை கூடுதலாகத்தான் போகவேண்டும். நான்கு சக்கரமும் பிடித்து ஏறுகிறது. வடக்கு வளைவில் முதல் முறை வழுக்காமல் திரும்பியபோது உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பழக்கம்.

உன் கால்விரல் இரண்டு உறைந்துபோய் வெட்டி எடுத்த அந்தக் குளிர்காலத்தை நான் மறக்கவில்லை. இந்த மலை உன்னிடம் வாங்கியது அதிகம்தான். நீ ஜூலையில் என் எதிரே உட்கார்ந்து, "அக்கா, நான் போறேன்" என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு உனக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருப்பேன். அந்த வெள்ளை வண்டியையேதான் தேர்ந்தெடுத்திருப்பேன். சமதரைக்கும் வெயிலுக்கும், நீண்ட தூரம் போய்ப் படுத்துத் தூங்கவும், அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. தெரிந்தவளிடம் நிஜத்தைச் சொல்லிக் கேட்காமல், பொய்யைச் சொல்லி அதே வண்டியை வாங்கினாய். என் தொழிலில் என்னை முட்டாளாக்கிய ஒரே ஆள் நீதான்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரை எடுத்துவிடு. தானியங்கிக் கியரின் எண்ணெய் வாங்கும்போதே கறுத்திருந்தது, குளிர்காலத்துக்குமுன் மாற்று என்று சொன்னேன், நீ மாற்றியிருக்க மாட்டாய். அங்கே சூட்டில் அது சீக்கிரம் கெடும். மாற்றிவிடு. ஜெனீவா ஓட்டுகிற வண்டி, பாலைவனத்து நடுவில் நிற்கக் கூடாது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஜாம் பிடித்திருந்ததா என்று கேட்டு எழுது.

மார்ச் நடுவில் ஆடுகள் ஈனத் தொடங்கும். எண்பத்தொன்பது. உன் வண்டி அடிவாரக் கொட்டகைவரை வரும், நெடுஞ்சாலையைச் சாலைத் துறையினர் பனி வாரிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். அதற்கு மேலே நான் வந்து ஏற்றிக்கொள்வேன். நீ வருவதாக இருந்தால் வருகிறேன் என்று எழுது. வரப்போவதில்லை என்றால் அதையும் அப்படியே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். இரண்டுக்கும் நடுவே ஒன்றை மட்டும் எழுதாதே, தம்பி.

நீங்கள் இருவரும் வெயிலில் தலையை மூடிக்கொண்டு நடங்கள். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
லோர்னா