ஈரல் நல்லாக் கீதா?

அப்பா,

காலையிலேயே உன் மாப்பிள்ளை கறிக்கடையில் வரிசையில் நின்று குடலும் ஈரலும் வாங்கி வந்துவிட்டார். இன்றைக்கு உனக்குப் படையல். வெந்நீரில் மஞ்சளைப் போட்டுக் குடலை அலசும்போது ஒரு வாடை கிளம்பும் பார், அது வந்ததும் வீட்டில் நீ நடமாடுவது போலவே ஆகிவிட்டது. குடலைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தேன். கிளை கிளையாக அந்த நரம்புகள். கடைக்காரர் வழக்கம்போல ஈரலைத் தனியாக அறுத்து வேறு பையில் போட்டிருந்தார். உன் கையில் ஆடு கிடைத்திருந்தால், பக்கத்தில் பார்க்க ஒரு ஆள் இருந்தாலும் போதும், அப்படி அறுத்திருக்க மாட்டாய்.

நம் நிலம் கம்பெனிக்குப் போய், நீ காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அதே கம்பெனி கேட்டில் காவலுக்கு நின்ற காலம் அது. நான் ஒரகடத்துப் பக்கம் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். நான் தைத்ததை சீட்டில் மாட்டுகிற ஆள் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னபோது ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாய். அப்புறம் நேரில் பார்த்துவிட்டு, "இன்னா பேசறான்னு பாதி வெளங்கல. ஆனா பையன் நிமிந்து பேசறான்" என்றாய். அதுதான் உன் சம்மதம்.

ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்த நேரத்தில் அது நடந்தது. லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். விரலிடுக்கெல்லாம் ரத்தம். தூக்கிக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசர் லைனைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சரக்கு ஓவர்." நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் அந்த வார்த்தை எனக்கு முன்னால் ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அந்தப் பேச்ச இத்தோட வுடு" என்றாய் நீ.

"அவரு குடிக்க மாட்டாருப்பா."

"எங்க அண்ணனும் அப்டித்தான் சொல்லிகினு இருந்தான். அவன் வாயில வந்த ரத்தத்த கையில ஏந்தனவன் நானு. உன்ன தாலி அறுக்கவா பெத்தேன்?"

சாராயம் பெரியப்பாவைக் கொண்டுபோனபோது அவர் தலை உன் மடியில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ கோபத்தில் பேசவில்லை, பயத்தில் பேசினாய். ஆனாலும் நான் விடவில்லை. டாக்டர் வாயால் ஒரு தடவை கேள், குடிதான் என்று அவர் சொல்லிவிட்டால் நானே விட்டுவிடுகிறேன் என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. நாலு பேர் தங்கியிருக்கிற அறையில் என்ன நடக்கிறது என்று நான் போய்ப் பார்த்தேனா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

தண்டலம் தாண்டி இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஹைவேயை அகலப்படுத்துகிறோம் என்று பாதியை மூடி வைத்திருந்தார்கள். ஷேர் ஆட்டோ சந்து சந்தாகப் புகுந்து போனது. உள்ளே டாக்டரம்மா சின்ன வயசுதான். உன் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, பேப்பரில் படம் போட்டே சொல்ல ஆரம்பித்தார். வயிறு, குடல், ஈரல். மேலேயிருந்து பெரிய குழாய் ஒன்று இறங்குகிறது, அதிலிருந்து மூன்று கிளை பிரிந்து இரைப்பைக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகிறது என்றார். போன ரத்தம் திரும்பும்போது நேராக இதயத்துக்குப் போவதில்லை. சாப்பாட்டின் சத்தை ஏற்றிக்கொண்டு, எல்லாம் ஒரே குழாயாகச் சேர்ந்து முதலில் ஈரலுக்குள் போகிறது. அந்தக் குழாய் இவருக்கு அடைத்திருக்கிறது.

"மெயின் ரோட்ட மூடிட்டா வண்டியெல்லாம் எங்க போவும், ஐயா?"

"சந்துக்குள்ள பூரும்" என்றாய். இப்போதுதானே அப்படி வந்தோம்.

"அதேதான். உணவுக்குழாயோட அடியில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்ங்க, அவ்ளோ ரத்தத்தத் தாங்காம வீங்கி ஒடஞ்சிடுச்சு. பொறந்த குழந்தையில தொப்புள் புண்ணாகியிருந்தாக்கூட இப்படி அடைக்கலாம். பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல."

நீ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"ஈரல் நல்லாக் கீதாம்மா?"

"நல்லா இருக்கு. அதுக்கு நல்ல ரத்தம் வேற ஒரு குழாய்லயும் வருது. குடிச்ச ஈரல் இல்ல இது. குடிச்சிருந்தா ஈரலே கல்லு மாதிரி ஆகி ரத்தத்த உள்ள விடாது. அதுலயும் இப்படித்தான் ரத்தம் வரும், வர்ற வழி ஒண்ணுதான். அதனாலதான் ஜனங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிடறாங்க."

பெரியப்பாவை நினைத்துக்கொண்டாய் போல. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். உடைந்த இடத்தில் ரப்பர் வளையம் மாட்டியாகிவிட்டது, தவறாமல் வந்து காட்டினால் கல்யாணம் காட்சி எல்லாம் தாராளமாகப் பண்ணலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நீ என்னைப் பார்க்காமல் எழுந்து அவர் படுத்திருந்த வார்டுக்குப் போனாய்.

"ஏம்பா, குடிக்கலன்னு நீ வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான செஞ்சேன் மாமா. யாரு நம்புதா?"

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை உன்னைக் குடைந்துவிட்டது. நீ நம்பினால் மட்டும் போதாது, ஊரே நம்பியாக வேண்டும் என்று கிளம்பிவிட்டாய்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை. தெருவுக்கு ஆடு அறுத்துப் பங்கு போடுவது எப்போதும் நீதான். உறவுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, கூட்டத்துக்கு நடுவில் ஆரம்பித்தார்.

"இன்னா மச்சான், போயும் போயும் ஒரு குடிகாரனுக்கா பொண்ணக் குடுக்கற?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா வழியில் ஒருவரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். நீ கத்தியை எடுத்தாய். தொங்கிய ஆட்டின் வயிற்றைக் கீறி, குடல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், ஈரல் எதையும் பிரிக்காமல் மொத்தமாக அள்ளி வாழையிலையில் போட்டாய். ஜவ்வை விரித்தாய்.

"வா மச்சான், கிட்ட வந்து பாரு. ரத்தம் உள்ள போறதுக்கு மூணு வழி. திரும்பி வர்றதுக்கு ஒரே வழி. எங்க வருது? நேரா ஈரலுக்கு. இப்போ இது அடைச்சிக்கினா?"

ஈரலுக்குப் போகும் குழாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாய். இன்னொரு கையால் ஜவ்வை அதை நோக்கி நீவினாய். உள்ளே மிச்சமிருந்த ரத்தம் போக வழியில்லாமல், சின்ன நரம்பெல்லாம் கறுத்துப் புடைத்துக்கொண்டு எழுந்தது. சுற்றி நின்றவர்கள் குனிந்தார்கள். மாமாவும் குனிந்தார்.

"இப்டிப் பொடச்சிகினு போய் மேல ஒடஞ்சிகிச்சி. கொழந்தையிலயே அடைச்சிக்கினது. இதுல சரக்கு எங்க வந்துச்சு, சொல்லு?"

"அப்போ ஈரலு?"

"ஈரலு நல்லாக் கீது!"

பிடியை விட்டாய். புடைத்ததெல்லாம் ஈரலுக்குள் வடிந்து போனது. நீ ஈரலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து மாமாவின் பங்கில் வைத்து, "துன்னு பாரு" என்றாய். தெருவே சிரித்தது. மாமா கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, ஆவணியிலேயே வெச்சிடு" என்றார். நான் கூழ்ப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் அப்பா. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு இருந்ததில்லை.

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடிந்ததா? கேட்டில் நிற்கிற லாரி டிரைவர்களுக்கெல்லாம் குடல் பாடம்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் டூட்டியை மாற்றிக்கொண்டு நீயும் கிளம்பிவிடுவாய். வீட்டில் ஈரல் வாங்கினால் அது மாப்பிள்ளை தட்டுக்குத்தான். பேரப்பிள்ளைகள் கையை நீட்டினால்கூடத் தட்டிவிடுவாய்.

போன வருஷம் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். உன்ன தாலி அறுக்கவா பெத்தேன் என்று கேட்டாயே, இதோ அந்தத் தாலி என் கழுத்தில் மஞ்சள் மாறாமல் கிடக்கிறது. யார் என்ன சொன்னாலும் நேரில் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நம்புகிறேன். அது உன்னிடமிருந்து வந்தது.

இதை எழுதும்போது வாசலில் ஒரே சத்தம். மாமா வந்திருக்கிறார். அவருக்கும் வயதாகிவிட்டது. பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, தன் துண்டை ஜவ்வு மாதிரி விரித்து, முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க அடைச்சிக்கினா இன்னா ஆவும், சொல்லு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னமோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

இலை போட்டுவிட்டேன் அப்பா. குடல் குழம்பு உனக்கு நிறைய ஊற்றியிருக்கிறேன். ஈரல் மட்டும் வைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அது உன் மாப்பிள்ளைக்கு.