மஞ்சள் குடித்த கார்

என் பாசத்துக்கும் பகிடிக்கும் உரிய மச்சான் தவம்,

நாளைக்கு உன் ஆண்டுத் திவசம். நினைவு மலரில் போட நாலு வரி எழுதித் தா என்று கேட்டார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் கேட்டால் நாலு வரியில் நிற்குமா? பிழைகளை அச்சடிக்கிறவர் திருத்தட்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் நீ முதலில் என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் மனிசி பவளம் சாப்பிட்டாளா என்றா? அவளுடைய தமையன் நான் உயிரோடு இருக்கிறேனா என்றா? இல்லவே இல்லை. “கார் ஸ்ரார்ட் வருதோ?” அதுதானே? வருகிறது மச்சான். ஆனால் வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைக் கேள்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியாவுக்கு அந்தக் காரில்தான் போனோம். ஒரு கூட்டாளி ஓட்டினான். வெந்நீர்க் கிணறுகளுக்குக் கிட்டப் போனதும் சூட்டு முள் மேலே ஏறி, முன்பக்கத்துப் பொனற்றுக்குள்ளிருந்து புகை. எல்லாரும் உனக்காக அழுதுகொண்டிருக்க, உன் கார் தன் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. கிரியை முடிந்து, ரேடியேற்றர் மூடி கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு, நான் கிணற்றில் வாளியால் அள்ளி அதற்குள் ஊற்றினேன். வேறு தண்ணீர் அங்கே எது?

சனம் சிரித்தது. “கொதிக்கிற காருக்குச் சுடுதண்ணி வார்க்கிற ஒரே ஆள் நீதான்டா யோகன்.” வழியில் மூன்று தரம் நின்று நின்று பாலையூற்றில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு அது முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. யோகன்தான் காரைக் கொன்றான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

இது வெறும் கார்ப் பிரச்சினை இல்லை மச்சான். விடியற்காலையில் உப்புவெளி விடுதிகளுக்கு இடியப்பம் கொண்டு போவதில்தான் பவளத்தின் சீவியம். நீ இருந்தவரை நீ ஏற்றிப் போனாய். நீ போனதும் ஓட்டோ. லாபத்தில் பாதியை ஓட்டோக்காரன் தின்றான். ஒரு நாள் அவன் பிந்திவர, ஒரு விடுதி அவளை நிறுத்திவிட்டது. மற்றதும் போனால் அவள் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பழைய காரை உடைத்துச் சாமானாக விற்கிற ஒருவர் வந்தார். காரின் மூலையை ஒரு அமத்து அமத்தினார். கார் மூன்று தரம் துள்ளியது. “முன் ஷொக் ரெண்டும் எண்ணெய் கக்கிற்றுது. றப்பர் புஷ் எல்லாம் கிழிஞ்சு போச்சு. அடித்தகட்டை உப்புக்காத்துத் திண்டிட்டுது. என்ஜின் ஹெட்டும் போயிருக்கும். திருத்த மூண்டு லட்சம் வேணும் தங்கச்சி. இரும்பு விலைக்கு நான் எடுக்கிறன்.”

“குடுப்பம் அண்ணா,” என்றாள் பவளம். “எனக்கு ஏலாது.”

ஆறு மாதமாக அவள் எதற்கும் அதே சொல்லைத்தான் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரு கிழமை பொறு. ஒருக்கா மெக்கானிக் நசீர் நானாட்டக் காட்டுவம்,” என்றேன்.

நான் ஐஸ் ஏற்றுகிற லொறியின் பின்னால் காரைக் கயிற்றில் கட்டி, துறைமுகப் பக்கம் நானாவின் கராஜுக்கு இழுத்துப் போனேன். காரின் ஸ்ரேறிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமே. உன் சீற்றில் யார் இருந்தது தெரியுமா? பவளம்! “பொம்பிளையள் கிளச்சை எரிச்சுப்போடுவினம்” என்று இருபது வருடம் நீ தொட விடாத ஸ்ரேறிங் அது. கட்டி இழுக்கிற காரில் கிளச்சுக்கு வேலையே இல்லை, பிறகு எங்கே எரிவது?

“சூடாகி நிண்டதும் என்ன தண்ணி ஊத்தின?” என்று கேட்டார் நானா.

“கன்னியாத் தண்ணி, நானா.”

மனுசன் ஸ்பானர் சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு என்ஜின் எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தார். “எண்ணெயில தண்ணி கலக்கல்ல. ஹெட் நல்லாரிக்கு. கொதிச்ச என்ஜினுக்குப் பச்சத்தண்ணி ஊத்தியிருந்தா வெடிச்சிரிக்கும். நீ தெரியாமச் செஞ்சாலும் சரியாத்தான் செஞ்சிரிக்காய்.”

கேட்டாயா? எனக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நானா ரேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து மஞ்சளாய், களியாய், கொட்டி முடியவில்லை. நானா மோந்து பார்த்தார். “மஞ்சள்தூள்! ஓட்டையை அடைக்கப் போட்டிரிக்கார். ஒரு தரமில்ல, வருசக் கணக்கா. ஓட்டையோட எல்லாக் குழாயும் அடைச்சிட்டுது.”

மச்சான், மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், பவளத்தின் குசினியில் பேணிக்குள் இருந்த மஞ்சள் தானாகக் குறைந்தது நினைவிருக்கிறதா? “இந்த வீட்டில தின்ன வாறது நீ ஒருத்தன்தான்” என்று அவள் என்னைக் கள்ளன் ஆக்கினாள். நீ வெற்றிலையை மென்றுகொண்டு, “சின்னனில இருந்தே அவனுக்குக் கை நீளம்” என்று வேறு சொன்னாய்! அதற்குப் பிறகு எல்லாப் பண்டிகைக்கும் நான்தான் மஞ்சள் கள்ளன். கள்ளன் நீயடா!

பவளம் அந்தக் களியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கராஜின் நடுவில் நின்று சிரிக்கத் தொடங்கினாள். நீ போன பிறகு அப்போதுதான் முதல் தரம். கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் வந்தது.

“ரேடியேற்றர் மாத்தவெண்டு காசு வச்சிருந்தவர், அண்ணா,” என்றாள். “அந்த மாசந்தான் எனக்குப் பெரிய இடியப்பப் பானை வந்தது. நான் கேக்கவேயில்லை, காசு எங்காலயெண்டு.”

எனக்கும் பகிடி வரவில்லை. ஏன் மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானாவிடம் திரும்பினாள். “திருத்துங்கோ நானா. எவ்வளவு காசு முடியும்?”

பழைய ரேடியேற்றர் நல்லதாக ஒன்று, புது ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம். பிறேக்கும் ஷொக்கும் அடுத்த மாதம், இன்னும் எண்பதாயிரம். அடித்தகட்டுக்கு ஒட்டு வைக்கலாம். ஏசியை மறந்துவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். மூன்று லட்சம் என்ற வியாதி பாதிக்கும் கீழே இறங்கியது. ஓட்டோவுக்குக் கொடுத்துவந்த காசு மிஞ்சி, அதுவே இரண்டாவது வேலைக்குப் போதுமாயிருந்தது.

பவளம் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். கிளச் இன்னும் எரியவில்லை, ஏமாந்து போனாயா? நிறுத்திய விடுதி திரும்பக் கூப்பிட்டது. புதிதாக இன்னொன்றும் சேர்ந்தது. இப்போது சூட்டு முள் நடுவை விட்டு அசைவதில்லை. புஷ் மட்டும் பள்ளத்தில் விழும்போது கிறீச்சிடும். அது நீ குறட்டை விடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அதை மாற்ற அவள் விடுகிறாளில்லை.

நாளைக்குத் திவசத்துக்கு அதே காரில் கன்னியாவுக்கு வருகிறோம். ஓட்டப்போவது உன் மனிசி. நான் பின் சீற்றில். படையலுக்கு வாங்கிய மஞ்சள் பொட்டலம் என் மடியில் இருக்கும். அதைப் பொனற்றுப் பக்கம் கொண்டு போகமாட்டேன், உன் மேல் சத்தியம். அவளையும் இனி வழியில் நிற்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் களவைத் தன் தலையில் சுமந்த, பவளத்தின் தமையன்,
உன் மச்சான் யோகன்