சித்தி வீட்டுக்குப் போகாத விளக்கு

என் செலின் அக்காவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தவரை எதுவானாலும் பேக்கிங் ஹாலில் நின்று நான் கத்துவேன், ஆபீசிலிருந்து நீ திருப்பிக் கத்துவாய். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அலுத்துப் போய்.

கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் பக்கம் நான், வெளிநாட்டுப் பக்கம் நீ என்று பேசி வைத்துத்தானே அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கினோம்? உன் பங்கையும் என் தலையில் போட்டுவிட்டுப் போனால் எப்படி? காலையில் ஒரு நாட்டுக்காரன், மத்தியானம் வேறொரு நாட்டுக்காரன் என்று லேப்டாப்பில் வந்து நிற்கிறார்கள். என் இங்கிலீசை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கிறது.

அதனால் கம்பெனியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன், அக்கா.

ஐரோப்பாவில் ஒரு பெரிய விளக்குக் கம்பெனி கேட்டது. ஆட்கள் அப்படியே இருப்பார்கள், பொறுப்பு மட்டும் கைமாறும். உன் மகள் ஜெனியிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். "ஒங்களுக்கு முடியலன்னா குடுத்துருங்க மாமா. அம்மா மாதிரி நீங்களும் இதுக்குள்ளயே கெடந்து சாக வேணாம்" என்றாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கையெழுத்துக்கு முன்னால் நம் கம்பெனி வெளிநாடுகளுக்குப் போன கதையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் நாடு நாடாக நீ வாங்கிய திட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதையெல்லாம் எப்படி எழுதுவது?

ராயப்பன்பட்டியில் கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் விளக்கு கட்டிக்கொண்டிருந்த அப்பா, மலைமேல் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடங்களுக்குச் சூடும் ஈரமும் தாங்குகிற விளக்கு செய்து கொடுத்தார். அந்தத் தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் ஒருவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். போன இடத்திலிருந்து உனக்கு போன் போட்டு நம் விளக்கைக் கேட்டார். அவரோடு நீ மலையாளத்திலேயே பேசி முடித்தாய். அதுதான் நம் முதல் வெளிநாட்டு ஆர்டர், வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

குமுளியில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்த விளக்கு, எதையும் தாங்கும் என்று மார் தட்டி அனுப்பினோம். அது துருப்பிடித்துத் திரும்பி வந்தது. மஸ்கட்டில் கடலோரத்தில் மாட்டியிருக்கிறார்கள். மலையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு மழை தெரியும், மூடுபனி தெரியும். உப்புக் காற்று என்று ஒன்று இருப்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாளே புது விளக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேம்பாருக்கு பஸ் ஏறினாய். கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட நம் சித்தி வீட்டுக் கூரையில் அதைத் தொங்கவிட்டு, "ஒரு வருசம் இருக்கட்டும் சித்தி, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றாய். "விருந்தாளி வந்துருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று சித்தி சொன்னார்களாம். அன்றிலிருந்து நீ இருந்தவரை எந்தப் புது மாடலும் அந்த வீட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டு வராமல் கப்பல் ஏறியதில்லை. பேக்கிங் ஹாலில் பெண்கள் கேட்பார்களே, "இது சித்தி வீட்டுக்குப் போய்ட்டு வந்துருச்சா?" என்று. போய்வந்ததாகச் சொன்னால்தான் பெட்டியை மூடுவார்கள்.

நார்வேயிலிருந்து ஒரு விளக்கு குளிரில் ரப்பர் வளையம் வெடித்துத் திரும்பி வந்தபோது, கம்பம் ஊரில் ஐஸ் கம்பெனிக்குள் விளக்கை வைத்துப் பார்த்தாய். "அந்த ஓனரு செலினம்மாவுக்கு மூளை கலங்கிருச்சுன்னே நெனச்சாக" என்று ஃபோர்மேன் முருகேசண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போது அவமானமாக இருந்தது. "ஏலே அருளு, திட்டுறவன் நம்மள நம்பித்தாண்டா திட்டுறான். பேசாம வேற எடத்துக்குப் போறான் பாரு, அவனுக்குத்தான் பயப்படணும்" என்றாய்.

இனி என் கதை. மனசைத் திடப்படுத்திக்கொள்.

போன வருடம் தான்சானியாவில் ஒரு மீன் சந்தைக்குப் புது மாடல் கேட்டார்கள், நான்கே மாதத்தில். லேப்பில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். முருகேசண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தம்பி, இது சித்தி வீட்டுக்குப் போகலையே?" "சித்தி வீடு, சித்தி வீடுன்னு இன்னும் எத்தன காலத்துக்குண்ணே? அதான் சர்டிபிகேட் இருக்குல்ல" என்றேன். அவர் பெட்டியை மூடப் போய்விட்டார்.

அதில் ஒரு விளக்கு விழுந்துவிட்டது, அக்கா. கூரையில் பிடித்திருந்த கிளாம்ப் உப்பில் இற்றுப்போய், அத்தனை கனத்தோடு தரைக்கு வந்துவிட்டது. அந்நேரம் கீழே யாரும் இல்லை என்று எழுதி, விளக்கையும் கூரியரில் அனுப்பி வைத்தார்கள்.

திரும்பி வருகிற விளக்கையெல்லாம் ஹாலில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வைப்பது உன் வழக்கம். நான் அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். கையெழுத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு பொறுப்பு அவர்களுடையது என்று நினைத்தேன். உன் தம்பி இப்படியும் நினைத்தான் என்பதை வேறு யாரிடம் சொல்வேன்?

பத்தாம் நாள், கையெழுத்துக்குப் பத்திரம் எடுக்க ஜெனி பீரோவைத் திறந்தாள்.

"மாமா, இது எந்த ஊரு லைட்டு?"

சொன்னேன். கிளாம்பை விரலால் தடவிப் பார்த்தாள். கையோடு பொடியாக வந்தது.

"அங்கன இதுக்குக் கீழ யாரு இருப்பாக?"

"தெரியல ஆத்தா."

"கேக்கலையா?"

"கேக்கல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சந்தையின் நம்பரைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நீ உட்காருகிற மாதிரியே இருந்தது.

சந்தை மேனேஜர் எடுத்தார். கிளாம்ப் சரியில்லை, தப்பு எங்களுடையதுதான், எல்லாரையும் அங்கிருந்து தள்ளிப் போகச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். எத்தனை விளக்கு இப்படி என்று கேட்டார். எல்லாமே என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. மேசைமேல் போட்டுவிட்டு ஓடினார் போல. அவர் பாஷையில் சத்தம் போடுவது கேட்டது. பெண்கள் பதிலுக்கு ஏதோ கேட்கிறார்கள். பிறகு சிமெண்டுத் தரையில் பெஞ்சுகளை இழுக்கிற சத்தம், ஒன்று மாற்றி ஒன்று, நிற்கவே இல்லை. விடிந்ததிலிருந்து அந்தப் பெண்கள் அந்த விளக்குகளுக்குக் கீழேதான் உட்கார்ந்து மீன் வெட்டுவார்களாம், மேனேஜர் திரும்பி வந்து சொன்னார். நான் பூட்டி வைத்திருந்த பத்து நாளும் வெட்டியிருக்கிறார்கள்.

ஐரோப்பாக்காரர்களிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். உண்மையைச் சொன்னதால் மனசு லேசாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். விட்டு விலக ஒரு வழி கிடைத்தது, அதையும் என் கையாலேயே அடைத்துவிட்டேன். தாடை வலி அப்படியே இருக்கிறது, லேப்டாப்பில் அடுத்த நாட்டுக்காரன் காத்திருக்கிறான். நீ எப்படி இத்தனை வருடம் முகம் கோணாமல் இருந்தாய்? கோணியிருந்தும் எனக்குத்தான் தெரியாமல் போனதா?

முருகேசண்ணனும் ஜெனியும் ஹாலில் பெட்டி கட்டுகிறார்கள். சித்தி வீட்டில் ஒரு வருடம் தாக்குப்பிடித்த பழைய மாடல் கிளாம்ப்தான் போகிறது. கூடவே நானும் புதன்கிழமை தான்சானியாவுக்குப் போகிறேன். மதுரை ஏர்போர்ட்டில் உன்னை இறக்கிவிட்டதோடு சரி, உள்ளே நான் கால் வைத்ததில்லை.

ஏணியில் நானே ஏறுகிறேன், அக்கா. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மாற்றுவேன். மாற்றி முடித்ததும் அந்தப் பெண்களுக்கு முன்னால் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே நான் முதலில் போய் உட்காருவேன். அதற்குப் பிறகு அவர்களை உட்காரச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
அருள்