வாய் பொத்திய கை

வண்டிமாடுகளைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

அம்மா இப்போது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நீங்கள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிதான். அவள் மூட்டு வீக்கத்துக்கும், உங்கள் மூச்சிளைப்புக்குக் கொடுத்த அதே ஜாதி மாத்திரையைத்தான் கொடுக்கிறார்கள்.

உங்கள் இளைப்புக்கு அந்த மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. காங்கேயத்துக்கு எப்போது திரும்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கஞ்சியைத் தள்ளி வைத்தீர்கள். “தொண்டையில முள்ளு வெச்சாப்பல இருக்குது கண்ணு” என்றீர்கள். நாக்கெல்லாம் தயிர் அப்பியதுபோல் வெள்ளை.

“டாக்டர்கிட்டச் சொல்லுங்கப்பா.”

“அவுங்களுக்கு ஆயிரம் சோலி. இதையப் போயிச் சொல்லுறதாக்கும்?”

டாக்டர் வரும்போது எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வாசலிலிருந்து பார்ப்பேன். கொப்பரைக் களத்து முதலாளி முன்னால் நிற்பீர்களே, அதே மாதிரி கையால் வாயைப் பொத்திக்கொள்வீர்கள். “நல்லாருக்குதுங்க சாமி.” அவரும் நம்பிப் போய்விடுவார். உங்களுக்கு அந்த மரியாதையைப் பழக்கியவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

காய்ச்சலில் கை தளர்ந்து விழுந்த பிறகுதான் டாக்டர் உங்கள் வாயைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “காளான். இந்த மாத்திரை இளைப்பை அடக்கும். கூடவே உடம்போட எதிர்ப்பையும் அடக்கிரும். முன்னாடியே பார்த்திருந்தா...” மழைக்கு வேலியோரம் முளைப்பது மனுஷன் தொண்டையிலும் முளைக்குமா என்று அம்மா கேட்டாள். ஊதா மருந்தைத் தடவினார்கள். அதற்குள் காளான் உணவுக்குழாய்வரை இறங்கியிருந்தது. நீங்கள் எச்சில்கூட விழுங்க முடியாமல் போய்ச்சேர்ந்தீர்கள்.

வாய்க்கரிசி போட்டபோது உங்கள் உதடெல்லாம் ஊதா. நீங்கள் மறைத்து வைத்த வாயை அன்றைக்கு ஊரே பார்த்தது, அப்பா.

இன்று காலை டாக்டர் வந்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் நகரவில்லை. அம்மாவின் முந்தானை வாய்க்குப் போயிற்று. “நல்லாருக்குது...” என்று அவள் தொடங்கும்போதே அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

“வாயத் தொறம்மா!”

வெள்ளை இருந்தது. நாக்கில் மட்டும்தான், இன்னும் தொண்டைக்கு இறங்கவில்லை என்றார் டாக்டர். பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

எது நடந்தாலும், நம் வீட்டில் இனி ஒருவரும் எவர் முன்னாலும் வாய் பொத்தமாட்டார்கள். பார்த்துக்கொள்கிறேன், அப்பா.

உங்கள் கைக்கு எட்டாமல் வாசலில் நின்ற மகள்,
சரசாள்