ஒருமுறை தப்பிய கை

அப்பா,

தண்ணீர்த் தொட்டியோரம் பலகை ஊறிக்கொண்டிருக்கிறது. பொழுது சாயும்போதே அம்மா இரண்டு சாக்கை நனைத்து அதைச் சுற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டாள். ஈரமான கல்யாண முருங்கை மரத்தின் வாடை, பச்சைக் கடலையை உரித்ததுபோல, நான் படுத்திருக்கும் இடம்வரை வருகிறது. அந்த வாடை வந்தால் மறுநாள் ஆட்டம் என்று அர்த்தம். சித்திரையில் நீங்கள் போன பிறகு இன்றுதான் முதல்முறை வருகிறது.

நாளைக்கு ஆடிப் பெருக்கு. பரமத்தி வேலூரில் காவிரிக் கரை முழுக்கக் கடை போட்டிருப்பார்கள். சாயந்தரம் நான் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஊசி எறியப்போவது உங்கள் கூட்டாளி மைக் மாமா.

அம்மா தூங்குகிறாள். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். இதை எழுதுவது அவளுக்குத் தெரிந்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் நான் உங்களுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும்.

"காஞ்ச பலகை ஊசியத் திருப்பி உட்டுரும் சாமி. ஊறுனாத்தான் கவ்வும். பழைய ஓட்டையும் தானா மூடிக்கும்" என்பீர்கள். எல்லோரும் ஊசி என்றுதான் சொன்னார்கள். நீங்கள் மட்டும் சில நேரம் டார்ட்டு என்பீர்கள். விரல் நீளப் பித்தளைத் தண்டு, நுனியில் எஃகு முள், பின்னால் இறகு. ஏற்காட்டில் காபித் தோட்டத்து முதலாளிகளின் கிளப்பில் நீங்கள் மார்க்கராக இருந்து கற்றுக்கொண்டது. அவர்கள் எறிய, நீங்கள் கரும்பலகையில் எண் எழுதினீர்கள். அவர்கள் போன பிறகு நீங்களே எறிந்து பார்த்தீர்கள். ஒருநாள் நாலாவது ஆள் வராததால் உங்களைக் கூப்பிட்டார்கள், நீங்கள் மூன்று பேரையும் ஜெயித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எண் எழுத வேறு ஆளை வைத்துக்கொண்டு, உங்களை நீலகிரி, வால்பாறை என்று மற்ற கிளப்புகளோடு ஆட ஜீப்பில் கூட்டிப்போனார்கள். எறிவதற்கே சம்பளம் வாங்கிய ஆள் நம் பக்கத்தில் நான் ஒருத்தன்தான் என்று சொல்லும்போது உங்கள் கழுத்து சற்று நிமிரும்.

எமர்ஜென்சி வந்த வருடம் கிளப் கைமாறியது. நீங்கள் ஒரு டப்பா ஊசியோடு மலையிறங்கி நாமக்கல் வந்தீர்கள். அப்போது எனக்கு இரண்டு வயது என்று அம்மா சொல்வாள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை, திருவிழாக் காலத்தில் ஊசி எறிதல்.

முதலில் நீங்கள் உண்மையான ஆட்டத்தைத்தான் ஆடிக் காட்டினீர்கள். எண் போட்ட கட்டங்கள் உள்ள வட்டப் பலகை; முந்நூற்று ஒன்றில் தொடங்கி, ஒவ்வோர் எறிக்கும் விழுந்த எண்ணைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி ஊசி வெளிவளையத்து மெல்லிய கட்டத்தில்தான் குத்த வேண்டும். எனக்குக் கழித்தல் கணக்கு பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை, அங்கேதான் வந்தது. ஆனால் கூட்டம் நிற்கவில்லை. திருச்செங்கோட்டில் ஒருவர் தோளில் துண்டோடு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, நீங்க கணக்கு வாத்தியாருங்களா? எறியறத உட்டுப்போட்டுக் கழிச்சுக்கிட்டே நிக்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஊசி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தீர்கள்.

மைக் மாமா அப்போதுதான் உங்களோடு சேர்ந்திருந்தார். ராட்டினக்காரரிடம் மைக் பிடித்துக்கொண்டிருந்தவர். "எண்ணு யாருக்கு மாப்ளே புரியுது? ஆள நிறுத்து. ஆளுக்குப் பக்கத்துல குத்துனா அவனவன் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பான்" என்றார். முதலில் அவரே நின்றார். மூன்றாவது ஊசிக்கு மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டார். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். "நான் நிக்கறேனுங்கப்பா" என்று சொன்னது நான்தான். உங்களைத் தவிர அது யாருக்கும் நினைவில்லை.

ஒன்பது ஊசி. தோளுக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் நாலு, இரண்டு காதுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, கடைசியாகத் தலைக்கு மேலே மூன்று. நமக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. நீங்கள் கையை உயர்த்தித் தயாராவீர்கள், ஆனால் எறியமாட்டீர்கள். நான் மூச்சை முழுக்க விட்டுவிட்டுக் கண்ணை மூடுவேன். மூடியதும் ஊசி வரும். "நா எறியறதில்ல கண்ணு. நீதான் எறியச் சொல்ற. நீ சொல்லாம என்ற கை நகராது" என்றீர்கள். அதனால்தான் எனக்குப் பயம் வந்ததில்லை. கூட்டத்துக்கு நான் பயத்தில் கண்ணை மூடுவதாகத் தோன்றும். சில பாட்டிகள் அழுவார்கள். மைக் மாமா, "குறி தப்பாத கை, இன்றைய தேதி வரை ஒருமுறைகூட..." என்று நீட்டி முழக்குவார்.

கை நடுங்கியதை நான் போன வருடமே பார்த்தேன், அப்பா. காபி டம்ளரை நீங்கள் இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தீர்கள். அதற்குப் பிறகு நான் டம்ளரில் முக்கால்தான் ஊற்றினேன்.

தை மாதம் ஆத்தூரில் ஜெனரேட்டரைப் பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். புகை. ஆறாவது ஊசிக்கு நீங்கள் கையை உயர்த்தினீர்கள், அது இன்னும் நிலைக்கு வரவில்லை. என் கண் எரிந்து, தானாக மூடிக்கொண்டது. நான் சொல்லிவிட்டதாக நினைத்து நீங்கள் விட்டுவிட்டீர்கள். இடது காதுக்கு மேலே சுடுதண்ணீர் பட்டதுபோல இருந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. மைக் மாமாவும் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியவில்லை. நான் அசையாமல் நின்றேன். மிச்சம் மூன்றையும் நீங்கள் பலகையின் ஓரத்தில் எங்கோ குத்திவிட்டு ஆட்டத்தை முடித்தீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக் குழாயில் என் தலையைக் கழுவினீர்கள். துண்டைக் கட்டும்போது முடிச்சு விழவில்லை. மூன்றுமுறை கட்டினீர்கள்.

"நாந்தானுங்கப்பா கண்ண மூடிப்புட்டேன்" என்றேன்.

"இல்ல சாமி. கை நிக்கல. நிக்காத கைய நா தூக்கியிருக்கக் கூடாது."

பஸ் ராசிபுரம் தாண்டிய பிறகு, "அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு. அவ என்ற கைய நம்பிக்கிட்டிருக்கறா" என்றீர்கள். சொல்லமாட்டேன் என்றேன். பஸ் ஜன்னல் தகரம் கிழித்துவிட்டது என்று சேர்ந்தே சொன்னோம். அம்மா மஞ்சள் வைத்துக்கொண்டே அந்த பஸ்காரனை நாலு நாள் திட்டினாள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னை நிறுத்தவே இல்லை. "அம்மிணி படிக்கட்டும், பரீட்ச வருது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மண்கலயங்களை அடுக்கி எறிந்தீர்கள். கூட்டம் குறைந்தது. மைக் மாமா முணுமுணுத்தார். நீங்கள் கலயங்களை இன்னும் உயரமாக அடுக்கினீர்கள். சித்திரையில் பட்டறையில் மார்வலி வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

பட்டறைச் சம்பளம் நின்ற இந்த மூன்று மாதமும் மைக் மாமா எறிந்து பழகியிருக்கிறார். வாழைத்தண்டை நட்டுவைத்து எறிகிறார். மோசமில்லை. அப்பா, அதுதான் எனக்குப் பயம். மோசமாக இருந்தால் அம்மாவே வேண்டாம் என்றிருப்பாள். இன்று மத்தியானம் என்னை நிறுத்தி வெறுங்கையால் வீசிப் பார்த்தார். ஊசி இல்லாமலேயே நான் பலகையைவிட்டு விலகிவிட்டேன். நம் ஏற்பாட்டை அவரிடம் சொன்னேன். மூச்சை விட்டுக் கண்ணை மூடுகிறவரைக்கும் பொறுங்கள் மாமா என்றேன்.

"அதுக்கெல்லாம் எங்க பாப்பா நேரம்? நா கூட்டத்துக்குப் பேசோணும், எறியோணும், உன்ற கண்ணையும் பாக்கோணுமா? ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுல ஊசி வரும். நீ பாட்டுக்குச் சிலையாட்ட நில்லு."

அம்மாவிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். "உங்கப்பா எறியறப்ப நின்னவதானே நீயி. இத்தன வருசத்துல ஒரு நாள் தப்புச்சா சொல்லு. தப்பற ஆட்டமா இருந்தா நா உன்னய அனுப்புவனா சாமி?"

நான் பேசாமல் நின்றேன். நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் பேசாமல்தான் நின்றிருப்பீர்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது எழுத எழுத அப்படித் தோன்றவில்லை.

அம்மா உங்களை நினைத்து அழும்போதெல்லாம் கடைசியில் வந்து நிற்பது அந்த ஒரு வார்த்தையில்தான்: தப்பாத கை. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னாள். அதை நம்பித்தான் என்னையும் அனுப்புகிறாள். அது இல்லை என்று நான் சொன்னால் அவளுக்கு உங்களிடமிருந்து மிச்சம் என்ன இருக்கும்? சொல்லாவிட்டால் நாளைக்கு மூன்று என்று கேட்கும்போது நான் மூச்சை விட்டிருப்பேனா இழுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் வாய்ப்பாடு போல மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீங்கள் என்னிடம் வாக்கு வாங்கினீர்கள். அன்றோடு என்னை நிறுத்துவதையும் விட்டீர்கள். உங்கள் பெயரையும் காப்பாற்றிக்கொண்டு, என்னையும் பலகைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய உங்களால் முடிந்தது. நீங்கள் இல்லாமல் என்னால் ஒன்றைத்தான் செய்ய முடியும். நிக்காத கையைத் தூக்கியிருக்கக் கூடாது என்று சொன்ன நீங்கள், எதைச் செய்யச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

காதுக்கு மேலே அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. பின்னலை அதன்மேல் இழுத்துப் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறேன். எட்டாம் வகுப்பு முடிகிறவரை யாரும் பார்த்ததில்லை. தொட்டால் வலி இல்லை. உங்கள் விரல் நடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது, மூன்றாம் முறை முடிச்சு விழுந்ததும் நீங்கள் என் தலையை உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொண்டதும்.

அம்மா மறுபடியும் புரள்கிறாள். இப்போதே எழுப்பப் போகிறேன். விடிந்தால் கிளம்பும் அவசரத்தில் கேட்கமாட்டாள். பின்னலை ஒதுக்கி அந்த இடத்தில் அவள் விரலை வைத்து, இது பஸ் கிழித்தது இல்லை என்று சொல்லப் போகிறேன். அவள் என்ன கேட்பாள் என்று தெரியும். யாரு கை என்று கேட்பாள்.

அப்பா கை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிப் பழகத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.