நீ பேசுகிறபடியே

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934, மாசி

சௌபாக்கியவதி மீனாம்பாளுக்கு, முருகன் புண்ணியத்தில் நான் சுகம். உன் சுகமும், அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்பதும், பையன் பள்ளிக்கூடம் போகிறானா என்பதும் அறிய ஆவல்.

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குக் குறைவில்லை. பத்திரிகைக்கு அனுப்பிய கதைதான் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை கிள்ளானுக்கு ரயிலேறிப் போய்ப் பத்திரிகை ஆசிரியரையே பார்த்தேன். "தம்பி, உங்க கதையில பொம்பளைங்க எல்லாம் துரைக்கு மனு எழுதுற மாதிரி பேசுறாங்களே, உங்க வீட்டுல இப்படித்தானா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன். காப்பி வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார், கவலைப்படாதே.

திரும்பும் ரயிலில் உன் பேச்சை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை, மீனா. இத்தனை வருஷமாக நீ சொல்லச் சொல்ல உன் கடிதங்களை நல்லமுத்து வாத்தியார்தான் எழுதுகிறார். "தங்கள் பாதாரவிந்தங்களுக்கு அடியாள் தெரிவித்துக்கொள்வது" என்று நீ என்றைக்காவது பேசியிருக்கிறாயா? என் காதில் இப்போது அந்தக் குரல்தான் இருக்கிறது. என் கதையிலும் அதுதான் பேசுகிறது.

வாத்தியார் ஐயா, இதை அவளுக்குப் படித்துக் காட்டுவதும் நீங்கள்தான். கும்பிட்டுக் கேட்கிறேன். அவள் திட்டினால் அந்தத் திட்டையே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். எழுத்தும் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறொன்றுமில்லை.

ஊறுகாய் அனுப்ப வேண்டாம். தபால் கட்டுகிற நேரமாகிவிட்டது.

மீனா, இதைக் கேட்டதும் உன் வாயில் முதலில் என்ன வந்ததோ, அதை மட்டும் எழுதச் சொல்.

கதிரேசன்